கிறுகி வந்த பந்து

எங்கள் வீட்டில் இரண்டு மாதமாக ஒரே குளத்துக்குள் பந்து விழுந்துகொண்டிருந்தது. விழுத்தியது நான்தான். அவற்றையெல்லாம் அள்ளினால் ஒரு யூரியாச் சாக்கு நிறைந்திருக்கும். நல்லவேளை, குளம் கைபேசிக்குள் இருந்தது.

அது ஒரு கோல்ப் விளையாட்டு. உண்மையான கோல்ப் மைதானத்தை நான் கண்ணால் கண்டதில்லை. எங்கள் பக்கத்தில் அவ்வளவு பெரிய வெளி கிடைத்தால் ஒன்றில் வேளாண்மை செய்வார்கள், இல்லாவிட்டால் மாட்டைக் கட்டுவார்கள். ஒரு சின்னப் பந்தைத் தடியால் அடித்துவிட்டு அதன் பின்னால் நடந்து போவதற்கென்று யாரும் நிலத்தைச் சும்மா விடமாட்டார்கள். நானும் அதைக் கைபேசியில் தேடிப் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஆட்கள் காத்திருக்கும் வாங்குதான் என்னை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தது.

என் மனைவிக்குப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருந்த காலம் அது. அவள் உள்ளே இருப்பாள், நான் வெளியே வாங்கில் இருப்பேன். சொந்தக்காரர் ஒவ்வொருவராகத் தொலைபேசியில் வந்து, பப்பாசி இலையைப் பிழிந்து கொடு, கருஞ்சீரகம் கொடு, இன்ன கோயிலுக்கு நேர்ந்து வை என்று சொல்லுவார்கள். எனக்கு இயல்பிலேயே வாய் கொஞ்சம் நீளம். இரண்டு பேரோடு சண்டை பிடித்தும் விட்டேன். மூன்றாவது ஆளோடும் பிடிக்காமல் இருக்கவேண்டுமென்றால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். அதற்காகத்தான் அந்த விளையாட்டை இறக்கினேன்.

இரண்டு பேர் ஒரே குழிக்கு அடிப்பார்கள். மற்றவர் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறார் என்பதற்கு ஒரு சின்னத் தேசியக்கொடி மட்டும்தான் அடையாளம். விரலால் பந்தைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மேலே ஒரு முள் இங்கும் அங்கும் ஆடும். அது நடுவுக்கு வரும்போது விரலை விட்டால் அடி நேராகப் போகும். குழிக்குக் கிட்டே வந்துவிட்டால் வெட்ஜ் என்ற தடியை எடுப்பார்கள். அதன் முகம் மல்லாந்து சரிந்திருக்கும். பந்தை உயரத் தூக்கிக் கொஞ்சத் தூரத்திலேயே போட்டுவிடும். அடிக்கு முன் பந்தின் படம் ஒன்று வரும். அதன் அடிப்பக்கத்தில் சிவப்புப் பொட்டை வைத்தால், பந்து முன்னுக்குப் போகும்போதே பின்னுக்குச் சுழலும்.

இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதல் நாள் கண்டது வேறு. எதிராளி அடித்த பந்து, குழியில் நட்டிருக்கும் கொடியைத் தாண்டிப் போய் விழுந்தது. போச்சு, இவன் தோற்றான் என்று நினைத்தேன். பந்து ஒருதரம் துள்ளியது. புல்லைக் கவ்வியது. பிறகு, எதையோ மறந்துவிட்டுப் போன ஆள் மாதிரித் திரும்பி வந்தது! வந்து, வந்து, குழியின் விளிம்பில் நின்றது.

“அட கடவுளே!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்து வாங்கில் இருந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று எழும்பிவிட்டார்கள்.

நான் பௌதிகவியல் ஆசிரியன். வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவில் படிப்பிக்கிறேன். உராய்வு, சுழற்சி, விசை என்று கரும்பலகையில் எழுதி எழுதியே கை தேய்ந்தவன். ஆனால் முன்னுக்குப் போன ஒரு பொருள் யாரும் தொடாமல் பின்னுக்கு வருவதை அதற்கு முன் மனம் வைத்துப் பார்த்ததேயில்லை. பந்து நீளப் புல்லுக்குள் கிடந்தால் அந்தச் சுழற்சி குறைந்துபோகும் என்று பிறகு கண்டேன். தடிக்கும் பந்துக்கும் இடையில் புல் புகுந்துவிடுவதால் பிடிமானம் இல்லை. இதைக்கூட யோசித்து யாரோ உள்ளே வைத்திருக்கிறார்கள்! ஆஸ்பத்திரி வாசலில் இருந்துகொண்டு, முகம் தெரியாத அந்த ஆட்களைக் கும்பிடலாம் போலிருந்தது.

மருந்து ஏற்றி முடிந்தது. நோய் அடங்கிவிட்டது என்றார்கள். வீட்டுக்கு வந்தோம். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்த இடத்தில்தான் அவளுடைய விரல்கள் தொடங்கின.

அவள் தையல்காரி. நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையில் மெசின் இருக்கிறது. சேலைச் சட்டையும் பள்ளிக்கூட உடுப்பும் தைப்பாள். துணியைத் தொட்டவுடனே இது கழுவினால் சுருங்கும், இது சுருங்காது என்று சொல்லிவிடுவாள். அந்த மருந்து விரல் நுனி நரம்புகளைத் தொட்டுவிட்டது. “விரலுக்கெல்லாம் ஆரோ உறை போட்டுவிட்ட மாதிரிக் கிடக்கு” என்றாள். சட்டைக் கொளுக்கியை அவளால் மாட்ட முடியவில்லை. காலையில் நான்தான் மாட்டிவிடுவேன். உணர்ச்சி மெல்ல மெல்லத் திரும்பி வரலாம், வராமலும் போகலாம், விரலைச் சும்மா வைத்திருக்க வேண்டாம் என்று வைத்தியர் சொன்னார். இதற்கு மேல் சொல்ல அவரிடமும் ஒன்றுமில்லை.

அவள் சும்மா இருக்கிற ஆளில்லை. வீட்டுக்கு வந்த ஒரு கிழமையிலேயே மெசினில் இருந்துவிட்டாள். பள்ளிக்கூட உடுப்புக்கான வெள்ளைத் துணி. நான் அடுத்த அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மெசின் ஓடும் சத்தம் கேட்கக் கேட்க எனக்குச் சந்தோசம். பிறகு அது நின்றது. மறுபடி ஓடவில்லை. போய்ப் பார்த்தால், அவள் துணியைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்கிறாள். துணியெல்லாம் சிவப்புப் பொட்டு. ஊசி அவளுடைய விரல் நுனியில் ஏறி இறங்கியிருக்கிறது. அவளுக்கு அது தெரியவேயில்லை. துணியில் ரத்தத்தைக் கண்டபிறகுதான் விரலைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.

“நோகல்ல” என்றாள் என்னை நிமிர்ந்து பார்த்து. “ஒள்ளுப்பமும் நோகல்ல.”

நோகவில்லை என்று ஒருவர் சொல்லி நான் பயந்தது அன்றைக்குத்தான். கட்டுப் போட்டுவிட்டேன். அவள் எழும்பிப் போய் ஒரு படுக்கை விரிப்பை எடுத்துவந்து மெசினை மூடினாள். அந்த விரிப்பு அப்படியே கிடந்தது. என் வெள்ளைச் சேட்டின் நெஞ்சுப் பொக்கற் ஒருபக்கத் தையல் விட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு தையல்காரரிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. தொங்கத் தொங்கப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். யாராவது கேட்டால் எரிந்து விழுந்தேன்.

பிறகொருநாள் அவள் களுதாவளையிலிருக்கும் தங்கையோடு தொலைபேசியில் கதைத்தாள். “மெசின் சும்மா கிடந்து துருப்பிடிக்கப் போகுது கா. நீ எடுத்துக்கொண்டு போய்த் தை” என்று சொன்னது எனக்குக் கேட்டது. தங்கைக்கு வெற்றிலைத் தோட்டம். கொய்கிற வேலை முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பேச்சு. கொடுக்காதே என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அதற்கு நீ தைக்கத்தான் வேண்டும் என்று அர்த்தமாகிவிடும். இரத்தம் காய்ந்த அந்தத் துணியைக் கண்டவன் அதை எப்படிச் சொல்வது? வாய் நீளமான நான் வாயை மூடிக்கொண்டு கைபேசியை எடுத்தேன்.

அப்படி ஒரு பின்னேரம், நாலு மணியிருக்கும். பின்கதவுப் படியில் நான் இருந்து விளையாடுகிறேன். அவள் பக்கத்தில் இருக்கிறாள், கைகள் இரண்டையும் மடியில் போட்டபடி. முன்பெல்லாம் அந்தக் கைகளை அப்படி நான் கண்டதில்லை. கீரையை ஆயும், நூலைச் சுற்றும், எதையாவது செய்யும். என் வெட்ஜ் அடி போய் விழுந்தது. அந்தக் குழிக்கு முன்னால் ஒரு குளம், குளத்தின் கரையிலிருந்து புற்றரை மேல்நோக்கிச் சரிந்திருக்கும். பந்து புற்றரையில் விழுந்து, கிறுகி, வந்த வழியே திரும்பிச் சரிவில் உருண்டு, நேரே தண்ணீருக்குள் போய்விட்டது.

“களவு! சுத்தக் களவு!” என்று கத்தினேன். “இவனுகள் ஏமாத்துறானுகள்!”

“தாங்க பாப்பம்” என்றாள்.

கொடுத்தேன். அவளுடைய விரல் கண்ணாடியில் வழுக்கியது. தொட்டுக்கொண்டிருக்கிறோமா இல்லையா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. பந்து நாலடி போய்க் குளத்தில் விழுந்தது. எனக்கு ஐயோ என்றாகிவிட்டது. இதை ஏன் கொடுத்தேன் என்று என்னையே நொந்துகொண்டேன். அவள் கைபேசியைப் பார்க்கவில்லை, தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இஞ்சருங்க, ரத்தம் வரல்ல.”

“என்ன ரத்தம் புள்ள?”

“பிழை விட்டா தண்ணியிலதான் விழுது. மறுகா வேற பந்து தாறான்.”

அவள் அடுத்த பந்தை இழுத்தாள். அதுவும் குளத்தில் விழுந்தது. “மறுகா” என்றாள். அதுவும் விழுந்தது. “மறுகா.” இருட்டுப்பட அவளிடமிருந்து கைபேசியை வாங்க நான் கெஞ்ச வேண்டியதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு தினமும் பின்னேரம் நாலு மணி அவளுடைய நேரம். நான் பள்ளிக்கூடத்தால் வந்து முகம் கழுவ முன்பே கையை நீட்டுவாள். மூன்றாவது நாளோ நாலாவது நாளோ ஒன்றைக் கவனித்தேன். அவள் விரலைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். மூச்சை அடக்கிக்கொண்டு, பந்து விழ வேண்டிய இடத்தையே பார்த்துக்கொண்டு, முள் நடுவுக்கு வரும்போது விரலை எடுத்துவிடுகிறாள். விரல் கண்ணாடியில் பட்டதை அது சொல்லாது. பந்து அசைவதை வைத்துக் கண்ணால் பிடித்துக்கொள்கிறாள்.

“விரல் சொல்லாட்டி என்ன, பந்து சொல்லுதே” என்றாள்.

பின்சுழற்சியைப் பற்றி நான் ஒரு பாடமே எடுத்தேன். உராய்வு விசை, தொடு புள்ளி, எல்லாம். அவள் பாதி கேட்டாள். பிறகு, “இதென்ன பெரிய வித்தையா? பொக்கற் மூலையில நாங்க செய்யிறதுதானே!” என்றாள்.

“எதை?”

“தையல் முடியிற இடத்தில அப்பிடியே நூலை அறுத்தா இழுக்க இழுக்கக் கழண்டு வரும். மெசின்ட பிடியத் தட்டி நாலு தையல் கிறுகி வரோணும். முன்னுக்குப் போனது ஒள்ளுப்பம் திரும்பி வந்தாத்தான் பிடிக்கும்.”

“அப்ப பத்துத் தையல் திரும்பி வந்தா இன்னும் நல்லாப் பிடிக்குந்தானே?”

“துணி தடிச்சு நூல் சிக்குப்படும். நாலு போதும்.” சிவப்புப் பொட்டைக் காட்டினாள். நான் எப்போதும் அதைப் பந்தின் அடிமட்டத்தில் வைப்பேன், எவ்வளவு சுழலுமோ அவ்வளவும் சுழலட்டும் என்று. “உங்களுக்கு எதிலயும் அளவில்ல. கறிக்கு உப்புப் போடுற மாதிரியே இதையும் போடுறீங்க.” பொட்டை நடுவுக்குச் சற்றுக் கீழே நகர்த்தினாள். பந்து கொடியைத் தாண்டி விழுந்தது, ஒரு துள்ளல், இரண்டடி திரும்பி வந்தது, நின்றது.

முப்பது வருசமாகச் சுழற்சியைப் படிப்பித்தவன் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். இவளோடு இத்தனை காலம் ஒரு வீட்டில் இருந்திருக்கிறேன், என் சேட்டின் ஒவ்வொரு பொக்கற் மூலையிலும் நாலு தையல் திரும்பி வந்திருக்கிறது, ஒருநாளும் நான் குனிந்து பார்த்ததில்லை.

ஆனால் அந்தக் குளத்துக் குழி மட்டும் எங்கள் இருவரையும் விடவில்லை. அங்கே அவளுடைய நாலு தையல் கணக்கும் பிழையாகிப் போனது. திரையின் மூலையில் காற்றைக் காட்ட ஒரு சின்ன அம்புக்குறி உண்டு. அது அவள் கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவள் அவள். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் என்னைக் கேட்பாள், “காத்து எங்கால?”

அம்பு எங்களைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்கும். “பின்னால. முதுகுக் காத்து, நல்லாத் தள்ளும்” என்பேன். காற்று தள்ளினால் பந்து ஓடிவிடும் அல்லவா, அதனால் சுழற்சியைக் கூட்டச் சொல்வேன். கூட்டுவாள். பந்து மேலே போய்த் தயங்கிக் கிட்டவே விழும், விழுந்த வேகத்தில் கிறுகி, குளத்துக்குள் போய்விடும். “களவு!” என்று நான் கத்துவேன். “ஓம், களவுதான்” என்று அவளும் சேர்ந்துகொள்வாள்.

இதில் எங்கள் இருவருக்கும் சந்தேகமே வரவில்லை. அவளுடைய தகப்பன் வாவியில் வலை வீசியவர். நான் வாவிக்கரையில் பிறந்தவன். எங்கள் வாயில் காற்றென்றால் அது எங்கேயிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி, எங்கே போகிறது என்பதல்ல. கச்சான் என்றால் மேற்கேயிருந்து வருவது, கொண்டல் என்றால் கிழக்கே கடலிலிருந்து வருவது. ஒருவர் கையை நீட்டிக் காற்றைக் காட்டினால், காற்று நிற்கிற பக்கத்தைக் காட்டுகிறார் என்று அர்த்தம். அம்பும் அப்படித்தான் காட்டுகிறது என்று என் புத்தி தானாகவே எடுத்துக்கொண்டது.

அவளுடைய தங்கை வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கு மூன்று நாள் இருக்கும்போது, அவள் காற்றைக் கேட்காமல் விட்டாள். கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குழியில் நட்டிருக்கும் அந்தச் சின்னக் கொடி.

“இஞ்சருங்க, முதுகுக் காத்தெண்டா கொடித் துணி அங்கால பறக்கோணும். இது எங்கட பக்கமெல்லோ பறக்குது?”

“அது சும்மா அழகுக்கு வைச்சது.”

“துணி பொய் சொல்லாது.” அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். “காலையில பாலத்தில மேற்க போகக்குள்ள உங்கட கிழிஞ்ச பொக்கற் எந்தப் பக்கம் பறக்கும்?”

வாவிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது எதிரே கச்சான் அடிக்கும். பொக்கற் பின்னுக்கு மடங்கி என் நெஞ்சில் பட்டுப் பட்டென்று அடிக்கும். யோசித்தேன். அம்பைப் பார்த்தேன். கொடியைப் பார்த்தேன். அம்பு, காற்று போகிற பக்கத்தைக் காட்டுகிறது! கீழ்நோக்கிய அம்பு என்றால் எதிர்க்காற்று! கரும்பலகையில் ஆயிரம் தரம் அம்பு வரைந்து, இதன் தலை போகிற திசை என்று சொன்னவன் நான். எதிர்க்காற்றே பந்தைப் பிடித்து நிறுத்தும். அதற்கு மேல் நான் சுழற்சியையும் கூட்டச் சொல்லி, இரண்டு மாதமாகப் பந்தை என் கையாலேயே குளத்துக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“களவு ஒண்டும் இல்லப் புள்ள” என்றேன் தலையைச் சொறிந்துகொண்டு. “காத்தை நான் தலைகீழாச் சொல்லிப் போட்டன்.”

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்தாளே ஒரு சிரிப்பு! படியில் இருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “பெரிய சேர்! ஊருக்கெல்லாம் பௌதிகம் படிப்பிக்கிற சேர்!” கண்ணால் தண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! என்னை இன்னும் பத்துத் தரம் முட்டாள் ஆக்கினாலும் பரவாயில்லை என்றிருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தங்கை வந்துவிட்டாள். சின்ன லொறி ஒன்றைப் பிடித்துக்கொண்டு, மெசினைக் கட்டத் தும்புக்கயிறும் ஒரு கட்டு வெற்றிலையும் கையில் எடுத்துக்கொண்டு. அவள் முகத்திலும் சந்தோசம் இல்லை. வாசலில் நின்று, “அத்தான், அக்கா உண்மையா யோசிச்சுத்தான் சொன்னாவா?” என்று என்னைக் கேட்டாள். நான் உள்ளே கையைக் காட்டினேன்.

மனைவி பின்படியில் கைபேசியோடு இருந்தாள். “ஏன் கா நிக்கிறாய், இரு. இந்த ஒண்டை அடிச்சிட்டு வாறன்.”

எட்டிப் பார்த்தேன். அதே குளத்துக் குழி. எதிராளியின் பந்து ஏற்கெனவே புற்றரையில், குழிக்கு நாலைந்து அடியில் நின்றது. அம்பு கீழ்நோக்கி, கொடி எங்கள் பக்கம் பறந்தபடி. அவள் காற்றைக் கேட்கவில்லை. காற்றுக்காகக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தாள். பொட்டை நடுவுக்குக் கீழே ஒரு மயிரிழை நகர்த்தினாள். மூச்சை அடக்கினாள். முள் ஆடியது. விட்டாள்.

பந்து குளத்துக்கு மேலால் போனது. உயரத்தில் காற்று அதைப் பிடித்தது, அது தயங்கியது. கொடியைத் தாண்டி விழுந்தது. துள்ளியது. கவ்வியது. கிறுகியது. அவசரமேயில்லாமல், வீட்டை அடையாளம் கண்டுகொண்டது போலச் சரிவில் இறங்கி வந்து குழிக்குள் விழுந்தது.

“என்ட அம்மாளே!” என்றாள் தங்கை. அவளுக்குக் கோல்ப் என்றால் என்னவென்றே தெரியாது.

மனைவி கைபேசியை என்னிடம் தந்தாள். வென்றதற்குத் திரையில் ஏதேதோ மத்தாப்பு வெடித்தது, அவள் அதைப் பார்க்கவில்லை. மடியில் கையைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள்.

“உங்கட வெள்ளைச் சேட்டைக் கொண்டு வாங்க” என்றாள்.

கொண்டுவந்தேன். முன்னறைக்குப் போய் விரிப்பை இழுத்துப் போட்டாள். “நூலை மட்டும் கோத்துத் தாங்க.” மூன்று தரம் தவறி நாலாந்தரம் கோத்தேன். பொக்கற்றின் பழைய தையலை முழுக்கப் பிரித்துவிட்டு, துணியை ஊசிக்குக் கீழே வைத்தாள். “இப்ப வெளியில போங்க. நீங்க மூச்சு விடுறது எனக்குக் கேக்குது.”

நானும் தங்கையும் விறாந்தையில் நின்றோம். லொறிக்காரர் வண்டியில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே மெசின் மெல்ல ஓடத் தொடங்கியது. நின்றது. பிறகு சத்தமே இல்லை. வெள்ளைத் துணியில் சிவப்புப் பொட்டுகள் என் கண்ணுக்குள் வந்தன. உள்ளே போகத் திரும்பினேன். தங்கை என் கையைப் பிடித்தாள். “அத்தான், பொறுங்க.”

மெசின் மறுபடி ஓடியது. முன்பெல்லாம் கடகடவென்று ஓட்டுகிறவள், இப்போது ஒவ்வொரு தையலாகக் கண்ணால் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறாள். ஒரு பக்கம். திருப்பினாள். அடிப்பக்கம். திருப்பினாள். மற்றப் பக்கம். என் வாழ்க்கையில் ஒரு பொக்கற்றின் மூன்று பக்கத்தையும் காதால் சுற்றி வந்தது அன்றைக்குத்தான். மேல் மூலைக்கு வந்தாள். நின்றாள். மெசின்பிடி தட்டுப்படும் சத்தம் கேட்டது. பிறகு பின்னுக்கு: ஒன்று. இரண்டு. மூன்று. நாலு.

தங்கை கயிற்றைக் கீழே போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

மனைவி சேட்டோடு வெளியே வந்தாள். முதலில் அவளுடைய விரல்களைத்தான் பார்த்தேன். பத்தும் சுத்தமாக இருந்தன.

“கோணலாத்தான் போயிருக்கு” என்றாள்.

“எங்க கோணல்? நேராத்தானே கிடக்கு.”

“பொய் சொல்லாதீங்க. மூலையை இழுத்துப் பாருங்க.”

மெல்லத் தொட்டேன். “இதென்ன இழுவை? பலமா இழுங்க!” என்று அதட்டினாள். இழுத்தேன். பிடித்திருந்தது. அவளும் தன் விரல் நுனியை அந்த மூலையில் வைத்துத் தடவினாள்.

“தெரியுதா புள்ள?” என்று கேட்டேன்.

“இல்ல” என்றாள். “ஒண்டும் தெரியல்ல. ஆனா இருக்குத்தானே.”

பிறகு தங்கையைப் பார்த்து, “மெசின் இஞ்சயே கிடக்கட்டும் கா. நீ உன்ட சட்டைத் துணியைக் கொண்டு வா. ஆனா அவசரப்படுத்தாத, நான் மெல்லத்தான் தைப்பன்” என்றாள். தங்கை வெறும் லொறியில் களுதாவளைக்குத் திரும்பிப் போனாள். கயிற்றை எடுக்க மறந்துவிட்டாள்.

மறுநாள் அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினேன். அன்று வெள்ளெனவே கச்சான் எழும்பிவிட்டது. பாலத்தின் நடுவுக்கு வந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தேன். காற்று மேற்கேயிருந்து வந்து என் நெஞ்சில் முழுப் பலத்தோடு அடித்துக்கொண்டிருந்தது. கோணலான அந்தப் பொக்கற் அசையவேயில்லை.